எஸ்எம்பிஎஸ் ஃபேன் சத்தம்: திறப்பதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள்

(திரையில்: மேசைக்கு அடியில் கேபினட். சில நொடிகள் கரகர சத்தம் மட்டும்.)

இது என் கம்ப்யூட்டரில் பதிவு செய்த சத்தம். காலையில் ஆன் செய்ததும் கரகரவென்று ஆரம்பிக்கும், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று பல மாதம் விட்டுவைத்தேன். அப்படி விடக் கூடாது.

சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்துதான், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, கேபினட் பின்புறம் என்று உள்ளே இன்னும் பல ஃபேன்கள் ஓடுகின்றன. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் அருகிலும் கொண்டுபோங்கள். ஓடும் இறக்கையில் தாள் பட்டுவிடாமல் கொஞ்சம் தள்ளியே பிடியுங்கள்.

(திரையில்: நான்கு சத்தங்கள், ஒன்றன்பின் ஒன்றாக.)

‘உஸ்’ என்ற காற்றுச் சத்தம் மட்டும் என்றால் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. சூடு அதிகமாகி வேகமாகச் சுற்றுகிறது. ‘டிக் டிக்’ என்றால் இறக்கையில் ஏதோ இடிக்கிறது. கேம் ஆடும்போது மட்டும் மெல்லிய ‘கீச்’ வந்தால் அது ஃபேனே இல்லை, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (coil) அதிர்கிறது. கரகர என்றால் ஃபேனின் அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் வற்றியிருக்கிறது. சூடேறியதும் மிச்சமிருக்கும் எண்ணெய் இளகும். என் ஃபேன் பத்து நிமிடத்தில் அடங்கியது அதனால்தான்.

காற்றுச் சத்தத்துக்குத் தூசிதான் முதல் சந்தேகம். கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவர் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றிவிட்டு புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது கிரில் ஓரத்தில் ஒரு ஐஸ் குச்சியைச் செருகி இறக்கையைச் சுற்றவிடாமல் பிடியுங்கள். சும்மா விட்டால் காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றி, நன்றாக இருந்த பேரிங்கும் போய்விடும்.

அப்புறம் கேபினட் நிற்கும் இடம். எஸ்எம்பிஎஸ் கேபினட்டின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டு, ஃபேனும் தரையைப் பார்த்து இருந்தால், கீழே விரித்த பாய் அதன் மூச்சை அடைத்துவிடும். அடியில் ஒரு பலகை வையுங்கள். ஃபேன் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபெல் குறையும். காதுக்கு அது பெரிய வித்தியாசம்.

(திரையில்: எஸ்எம்பிஎஸ் பெட்டியின் எச்சரிக்கை ஸ்டிக்கர், அருகில்.)

கரகர சத்தத்துக்குத்தான் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். இங்கே நிதானம் வேண்டும். 230 வோல்ட் ஏசி உள்ளே போய் 325 வோல்ட் டிசி ஆகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சர்க்யூட்) உள்ளதில் 400 வோல்ட் அருகில் போகும். கேபிளைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்து அளந்து பழக்கமில்லை என்றால் தயவுசெய்து திறக்காதீர்கள். வாரண்டி இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் சர்வீஸ் கடை.

கடைக்காரர் எண்ணெய் விடுகிறேன் என்றால், தையல் மெஷின் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்து ஃபேனையே நிறுத்திவிடும். தேய்ந்த பேரிங்குக்கு எந்த எண்ணெயும் நிரந்தரத் தீர்வு இல்லை. ஃபேனை மாற்றச் சொல்வதே நல்லது. பழைய ஃபேனின் லேபிளைப் பார்த்து அதே அளவு, அதே 12 வோல்ட், அதே ஆம்பியர் கேளுங்கள். சத்தமே வராது என்று மெதுவாகச் சுற்றும் ஃபேனை மாட்டினால் உள்ளே சூடு ஏறும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

எனக்கு 120 மில்லிமீட்டர் ஃபேன், ஃப்ளூயிட் பேரிங் (அச்சு எண்ணெய்ப் படலத்தில் சுற்றும் வகை) உள்ளதாகப் பார்த்து மாட்டிக் கொடுத்தார்கள்.

(திரையில்: அதே கேபினட், காலை நேரம். மைக் அதே இடத்தில்.)

இப்போது கேளுங்கள். அந்த ‘டக்’ ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்கும் சத்தம். இத்தனை நாள் அது எனக்குக் கேட்டதே இல்லை.