தலைச் சுற்றளவும் ஒரு மாமியாரின் கேள்வியும்

வணக்கம். மும்பையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கும் டாக்டர் நான். தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் என்னிடம் நிறைய. அப்படி 20 வாரக் கர்ப்பிணி ஒருத்தி மாமியாரோடு வந்தாள். அளந்து முடித்ததும் மாமியார் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "டாக்டரம்மா, தல பெருசா இருந்தா ஆம்பளப் புள்ளையாமே?"

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததென்று புரிகிறது. சராசரியாக ஆண் சிசுவின் தலை கொஞ்சம் பெரிதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில், பிறந்த ஆண் குழந்தையின் தலைச் சுற்றளவு நடுத்தரமாக 34.5 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 33.9. அறிவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஆண் குழந்தையின் எடையும் சராசரியில் சற்றுக் கூடத்தான்.

எப்படி அளக்கிறோம் தெரியுமா? திரையில் மூளையின் நடுக்கோடு நேராகத் தெரிய வேண்டும். அதன் முன்பக்கம் குட்டிப் பெட்டி போல ஓர் இடைவெளி, நடுவில் தலாமஸ் என்ற மூளைப் பகுதி. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, மண்டையோட்டின் வெளி விளிம்பில் நீள்வட்டம் போடுவோம். 20 வாரத்தில் சுற்றளவு சுமார் 175 மில்லிமீட்டர். ஆண், பெண் வித்தியாசம் அதில் சில மில்லிமீட்டர். ஒரே குழந்தையை இரண்டு பேர் அளந்தாலே அவ்வளவு கூடக் குறைய வரும். இதை வைத்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது.

என் கவலை வேறு. வயிற்றில் சிசு எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்று பல நாடுகளில் அளந்து போட்ட, 2014இல் வந்த இன்டர்குரோத் அட்டவணைக்கு நம் நாக்பூர்த் தாய்மார்களையும் அளந்தார்கள். அதில் இரு பாலுக்கும் ஒரே கோடு. அதனால் நன்றாக இருக்கும் பெண் சிசுவும் சில சமயம் "தலை சிறிது" என்ற பக்கம் விழுந்துவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கோடு வைக்கலாமென்றால், பாலினத்தை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. அதைச் சொல்லக் கூடாதென்று மகாராஷ்டிரத்தில் 1988இலும் நாடு முழுவதற்கும் 1994இலும் சட்டம் போட்டார்கள். பெண் சிசுக்களின் உயிரைக் காக்க வந்த சட்டம் அது, இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் என்ன செய்வது? ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அந்த மருமகளுக்கும் அளவு கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. மூளையின் அமைப்பில் குறை எதுவும் தெரியவில்லை. டேப்பை எடுத்து அவள் தலையையே அளந்தேன். சின்னத் தலைதான், குழந்தைக்கும் அம்மாவின் சாயலாக இருக்கலாம். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன்.

வந்தார்கள். குழந்தை அதே வரிசையில் சீராக வளர்ந்திருந்தது. மாமியார் இந்த முறை வேறு எதுவும் கேட்கவில்லை. "தல வளந்திருக்குல்லா, டாக்டரம்மா?" என்றார். வளர்ந்திருக்கும்மா என்றேன்.