மூதூர் லாஞ்சும் இன்சுலினும்: சிவப்புத் தொப்பியை எண்ணினால் போதும்!

வணக்கம். காலையில் ஒன்றும் உண்ணாத ஒருவரின் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் உள்ள இன்சுலினின் நிறை, பொதுவாக ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கையும் எட்டாது. எந்தத் தராசுக்கும் அகப்படாத அந்த இன்சுலினை, அதைத் தொடாமலே அளந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

நியூயோர்க்கில் ரொசலின் யலோவும் சொலமன் பேர்சனும் 1950களில் கண்ட முறை இது. 1977இல் யலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார். வரலாறு இவ்வளவு போதும், திருகோணமலை இறங்குதுறைக்கு வாருங்கள்.

மூதூருக்குப் புறப்படும் லாஞ்சில் 50 இருக்கைகள் மட்டுமே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். துறையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் நாம் சிவப்புத் தொப்பி அணிவித்த 50 பேரை அவர்களோடு கலந்து அனுப்புகிறோம். ஊரவர் எவருமே இல்லையென்றால் 50 தொப்பிகளும் லாஞ்சில் இருக்கும். ஊரவர் 50 பேர் என்றால் ஏறத்தாழ 25 தொப்பிகள். 150 பேர் என்றால் 12 அல்லது 13தான். (முண்டியடிப்பதில் எல்லோரும் சமவல்லவர்கள் என்பது நிபந்தனை, நம்மூரில் அது நடக்குமா என்பதை நீங்களே கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.) தொப்பி குறையக் குறைய ஊரவர் கூடுதல் என்று பொருள். துறையில் நின்றுவிட்ட தொப்பிகளையும் சேர்த்து எண்ணினால் கணக்குக் கெட்டது. ஆகவே ஏறியவரையும் ஏறாதவரையும் முதலில் பிரித்தாக வேண்டும்.

இருக்கை என்பது இன்சுலினை மட்டுமே பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி எனும் புரதம். தொப்பி என்பது நாம் கலக்கும் இன்சுலினில் ஒட்டிய கதிர்வீசும் அயடீன். ஊரவர் நோயாளியின் இன்சுலின். இல்லாமற்போனதை எண்ணி இருப்பதை அறியும் இந்தத் தந்திரத்தை விட அழகானது மருத்துவ ஆய்வுகூடத்தில் வேறொன்றில்லை என்பது என் கட்சி.

1971இல் ஸ்டொக்ஹோமில் எங்வாலும் பேர்ல்மனும் கதிர்வீச்சை விட்டு, நிறம் காட்டும் நொதியத்தைத் தொப்பியாக்கினார்கள், அதுதான் எலைசா (ELISA) சோதனை.

2017இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சலின் முதல் நாட்களில் டெங்கு வைரசின் என்எஸ்1 புரதத்தைத் தேடும் சோதனைக் கீற்றுகள் பலவற்றில் தொப்பி தங்கத்தால் ஆனது. நகைக்கடையில் மஞ்சளாக மின்னும் தங்கம், நுண்துகளானால் சிவந்துவிடும். அங்கே போட்டியில்லை: ஒரு பிறபொருளெதிரி புரதத்தைப் பிடித்து நிறுத்த, தங்கம் தாங்கிய மற்றொன்று அதன்மேல் ஒட்ட, கோடு சிவக்கிறது.

ஆனால் சிறுநீரில் போதைப்பொருளைத் தேடும் கீற்றில் மீண்டும் லாஞ்சுக் கணக்குத்தான். சிறுநீரிலுள்ள போதைப்பொருள், தங்கம் தாங்கிய பிறபொருளெதிரிகளை வழியிலேயே நிரப்பிவிடுவதால், கோட்டில் முன்பே பதித்துவைத்த போதைப்பொருளுக்கு இருக்கையே மிஞ்சாது. அங்கே சோதனைக் கோடு தோன்றவில்லை என்றால் ஆள் அகப்பட்டுவிட்டார்.