நம்பிக்கையான தளத்துக்குள் வரும் நச்சு விளம்பரம்

(திரையில் ஒரு செய்தித் தளம் மெதுவாகத் திறக்கிறது.)

வணக்கம். தெரிந்த தளங்களுக்கு மட்டுமே போகிறேன், எனக்கு எப்படி வைரஸ் வரும் என்று கேட்பவர்கள் பலர். 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இணையதளத்தைத் திறந்த வாசகர்கள் சிலரின் திரையில், கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாக ஒரு போலி எச்சரிக்கை தோன்றியது. வோனேஜ் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் விளம்பர இடம் வாங்கிய மோசடிக்காரர்கள், முதலில் ஒழுங்கான விளம்பரங்களை ஓடவிட்டு, வார இறுதியில் அவற்றை மாற்றிவிட்டார்கள்.

(பக்கம் துண்டு துண்டாகப் பிரிந்து காட்டப்படுகிறது.)

நீங்கள் காணும் ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்தும், விளம்பரங்கள் வேறு பல சர்வர்களிலிருந்தும் வருகின்றன. பக்கம் திறக்கும் அந்த நொடிக்குள்ளேயே விளம்பர இடம் ஏலம் போய்விடுவதால், உங்கள் திரையில் எது தோன்றப்போகிறது என்பது பெரும்பாலும் தளத்தை நடத்துபவருக்கே முன்கூட்டித் தெரியாது. விளம்பரத்தோடு, பிரவுசருக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதிய நிரலும் சேர்ந்தே வருகிறது. 2016இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த ஒரு தாக்குதலில், விளம்பரப் படத்தின் புள்ளிகளுடைய ஒளிபுகும் அளவுகளுக்குள்ளேயே நிரலை ஒளித்துவைத்திருந்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரும், அசையும் படங்களைக் காட்டும் ஃபிளாஷ் மென்பொருளும் பழைய வடிவில் உள்ள கணினியில், எதையும் கிளிக் செய்யாமலேயே அது வேலை செய்தது.

விளம்பரமே இல்லாத தளங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2018 பிப்ரவரியில், பக்கங்களை உரக்கப் படித்துக்காட்டும் பிரவுஸ்அலவுட் என்ற சேவையின் ஸ்கிரிப்டில், அதாவது தளங்களுக்குள் ஓடும் அதன் நிரலில், யாரோ கைவைத்ததால், அதைப் பயன்படுத்திய 4,000க்கும் மேற்பட்ட தளங்கள் பார்வையாளர்களின் கணினியைக் கொண்டே கிரிப்டோ நாணயம் தோண்டின. தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளமும் அவற்றில் ஒன்று.

(பிரவுசரின் அமைப்புகள் பக்கம் தெரிகிறது.)

ஆகவே முதல் வேலை, பிரவுசரைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. புதுப்பிப்பு தானாக இறங்கினாலும், பிரவுசரை மூடித் திறக்கும் வரை அது செயலுக்கு வராது. அடுத்தது விளம்பரத் தடுப்பான். தேடல் முடிவுகளில் பிரபல நிறுவனங்களைப் போல வேடமிடும் விளம்பரங்களைப் பற்றி 2022 டிசம்பரில் எச்சரித்த அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பே இதைப் பரிந்துரைத்தது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஒரிஜின் என்ற தடுப்பானையும், குரோமில் அதன் லைட் வடிவத்தையும் நிறுவலாம். விளம்பர வருவாயை நம்பி நேர்மையாக எழுதும் சிறு தளங்களுக்கு இதனால் இழப்பு நேரும் என்பது எனக்கு வருத்தம்தான்; நீங்கள் மதிக்கும் தளங்களுக்கு விலக்கு அளிக்கலாம், ஆனால் வீட்டுப் பெரியவர்களின் கணினியில் தடுப்பான் கட்டாயம் இருக்கட்டும். எல்லா ஸ்கிரிப்டையும் நிறுத்தும் நோஸ்கிரிப்ட் வலிமையானது என்றாலும், பல தளங்கள் அதனால் இயங்காமல் போகும் என்பதால் பொறுமையுள்ளவர்களுக்கே அது பொருந்தும்.

(திரையில் "நீங்கள் மனிதர்தானா?" என்று கேட்கும் பெட்டி தோன்றுகிறது.)

இந்தப் பெட்டியைக் கவனமாகப் பாருங்கள். கட்டளைகளை இயக்கும் விண்டோஸ் பெட்டியைத் திறக்க விண்டோஸ் பட்டனுடன் ஆர் எழுத்தையும், பிறகு அதில் ஒட்ட கன்ட்ரோலுடன் வி எழுத்தையும் அழுத்தி, கடைசியில் என்டர் தட்டச் சொல்கிறது. "நீங்கள் மனிதர்தானா?" என்ற பெட்டியை நீங்கள் தொட்டபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை, நகலெடுத்தவை தங்கும் இடமான உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. பிரவுசர் எழுப்பியிருக்கும் தடுப்புச் சுவரைத் தாண்ட முடியாத அந்தக் கட்டளையை, உங்கள் கையாலேயே சுவருக்கு வெளியே கொண்டுபோய் இயக்கவைப்பதுதான் இதன் தந்திரம். மனிதர்தானா என்று சரிபார்க்கும் உண்மையான சோதனை எதுவும் இப்படிக் கேட்காது. அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே என்டர் தட்டிவிட்டீர்கள் என்றால், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் அளிக்க வேண்டும்.