லேசான ஜிப்சம் பலகை மட்டமானதா? யீஷூன் நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முழு நேரத்தையும் அதற்கே கொடுக்கப்போகிறேன். கேட்டிருப்பவர் சிங்கப்பூரில் யீஷூனில் வசிக்கும் ஒரு தம்பி. ஃபால்ஸ் சீலிங், தடுப்புச் சுவர் வேலை எடுக்கும் நிறுவனத்தில் இருக்கிறார். மாலை வகுப்பில் பட்டயப் படிப்பும் படிக்கிறார். அவர் எழுதியது இதுதான்: “அண்ணா, முன்பெல்லாம் 12 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையைத் தூக்கினால் தோள் இறங்கும். இப்போது வருவது லேசாக இருக்கிறது. வாடிக்கையாளர்கள் மட்டச் சரக்கு என்கிறார்கள். ஆலையில் ஜிப்சத்தைக் குறைத்து ஏமாற்றுகிறார்களா? சில வீடுகளில் சீலிங் தொய்கிறதே, அதற்கும் இதுதான் காரணமா? பலகையின் தயாரிப்பை மேம்படுத்துவதையே என் படிப்புக்கான ஆய்வாக எடுக்கலாமா?”

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். லேசாக இருப்பதால் மட்டும் ஒரு பலகை மட்டமாகிவிடாது. அது எதனால் லேசானது என்று கேட்க வேண்டும். கலவையில் அதிகமாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப்போய், அந்த இடம் ஓட்டையானதால் லேசானதா? அல்லது காற்றுக்குமிழிகளைத் திட்டமிட்டு உள்ளே வைத்ததால் லேசானதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்னைக் கேட்டால், ஜிப்சம் பலகைத் தொழிலில் மேம்பாடு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்க் கணக்குதான்.

கணக்கைப் பார்ப்போம். ஜிப்சம் என்பது தனக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கும் கால்சியம் சல்பேட். அதன் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் தண்ணீர். அதை 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்கினால் அந்த நீரில் முக்கால் பங்கு வெளியேறிவிடும். மிஞ்சுவதுதான் நாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று வாங்கும் வெள்ளைத் தூள். ஆலைக்காரர்கள் இதை ஸ்டக்கோ என்பார்கள். இதில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாக வளர்ந்து இறுகுகிறது. வைக்கோற்போரில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தாள்களைப் போல இந்த ஊசிகள் பின்னிக்கொள்கின்றன. பலகையின் வலு முழுவதும் அந்தப் பின்னலில்தான் இருக்கிறது.

இப்போது கவனியுங்கள். 100 கிலோ ஸ்டக்கோ இறுகுவதற்கு வேதியியல்படி வேண்டிய தண்ணீர் 18.6 கிலோ மட்டுமே. ஆனால் அவ்வளவு குறைவாக ஊற்றினால் கலவை ஓடாது, பலகையின் இரு பக்கமும் மூடும் காகிதத்தின்மேல் பரவாது. எனவே ஆலைகளில் 60, 70, சில இடங்களில் அதற்கும் மேலே ஊற்றுகிறார்கள். 70 கிலோ ஊற்றினால் 51 கிலோவுக்கு மேல் வேண்டாத தண்ணீர். அது அத்தனையையும் உலர்த்தியில் எரிபொருள் செலவழித்து ஆவியாக்க வேண்டும். தண்ணீரை 55 கிலோவாகக் குறைத்துவிட்டால் ஆவியாக்க வேண்டியது சுமார் 36 கிலோதான். உலர்த்தியின் சுமையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே அடியில் போய்விடுகிறது. பலகை ஆலையில் வெப்பத்தை அதிகம் விழுங்குவது இந்த உலர்த்தியும் ஜிப்சத்தை முதலில் சுடும் அடுப்பும்தான்.

தண்ணீரை எப்படிக் குறைப்பது? கான்கிரீட்டில் அட்மிக்சர் என்ற வேதிப்பொருளைக் கலப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே குடும்பத்துச் சரக்குதான் இங்கும். முன்பிருந்தே பயன்பாட்டில் இருப்பது நாப்தலீன் சல்ஃபோனேட். பிறகு வந்தது பாலிகார்பாக்சிலேட். தூளின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இவை விலக்கி நிறுத்துகின்றன. அதனால் குறைந்த தண்ணீரிலேயே கலவை ஓடுகிறது. சொல்ல எளிது, செய்வது கடினம். பாலிகார்பாக்சிலேட் இறுகும் நேரத்தைத் தள்ளிப்போடும். ஜிப்சத்தில் களிமண் கலந்திருந்தால் மருந்தைக் களிமண்ணே உறிஞ்சிக்கொள்ளும். பலகையை லேசாக்கக் கலவையில் சேர்க்கும் நுரையின் குமிழிகளையும் பாலிகார்பாக்சிலேட் கலைத்துவிடலாம்.

இறுகும் நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பலகை ஓடும் பட்டையில் பிறக்கிறது. கீழே காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கலவை கொட்டும். மேலே இன்னொரு காகிதம் வந்து மூடும். சில நிமிடங்களில் அது வெட்டுக்கத்தியை அடைந்துவிடும். அதற்குள் இறுகியே ஆக வேண்டும். ஆனால் கலக்கும் இயந்திரத்துக்குள்ளேயே இறுகிவிடவும் கூடாது. எனவே முதலில் தாமதப்படுத்தும் பொருள் ஒன்று, பிறகு வேகப்படுத்தும் பொருள் ஒன்று என்று இரண்டையும் சேர்க்கிறார்கள். வேகப்படுத்துவதற்குச் சிறந்த பொருள் எது தெரியுமா? மிக நுண்ணியதாக அரைத்த ஜிப்சம்தான். புதிய படிகங்கள் அதை விதையாகக் கொண்டு மளமளவென்று வளர்கின்றன. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

இனி உங்கள் தோள் உணர்ந்த லேசுக்கு வருவோம். அதிகத் தண்ணீர் ஆவியாகும்போது விட்டுச்செல்லும் ஓட்டைகள் மிகச் சிறியவை. ஊசிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கும். பின்னலை அவை உள்ளிருந்தே தளர்த்திவிடுகின்றன. நுரைக்குமிழி அப்படியல்ல. அது தனித்தனி உருண்டை. சுற்றிலும் அடர்த்தியான சுவர். ஒரே எடையுள்ள இரண்டு பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீர் அதிகம், நுரை குறைவு. மற்றொன்றில் தண்ணீர் குறைவு, நுரை அதிகம். இரண்டாவதே வலுவானது. குமிழியின் அளவிலும் சூட்சுமம் இருக்கிறது. பொடிப்பொடியாக நெருங்கிக் கிடந்தால் நடுச்சுவர்கள் மெலிந்துவிடும். கொஞ்சம் பெரிதாக, ஒன்றை ஒன்று தொடாமல் இருந்தால் சுவர்கள் தடிப்பாக இருக்கும். இதற்காகவே எளிதில் உடையும் நுரை ஒன்றையும் உடையாத நுரை ஒன்றையும் விகிதம் பார்த்துக் கலக்கிறார்கள். காகிதத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் நுரை குறைந்த, அடர்த்தியான கலவையை மெல்லிய படலமாகப் பூசுவதும் உண்டு. பலகை வளையும்போது இழுவிசையைத் தாங்குவது காகிதமும் அந்தப் படலமும்தானே.

இதை நீங்கள் வேலையிடத்திலேயே பார்க்கலாம். வெட்டி எறிந்த துண்டு ஒன்றை எடுத்துக் கையால் முறித்து, முறிந்த முகத்தைக் கைப்பேசியின் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமான குழிகள் தனித்தனியாகத் தெரிந்து, காகிதத்தின் அருகே அவை குறைந்து கெட்டியாக இருந்தால் அந்த ஆலைக்காரர் வேலை தெரிந்தவர். அடுத்து காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரியுங்கள். காகிதம் கிழிந்து, அதன் நார் ஜிப்சத்தின்மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காகிதம் முழுசாகக் கழன்று வந்து, அடியில் சுத்தமான வெள்ளைப் பரப்பு தெரிந்தால் அந்தப் பலகையை ஏற்றாதீர்கள்.

அந்த ஒட்டுதலுக்குக் காரணம் ஸ்டார்ச். சோளம் போன்றவற்றிலிருந்து எடுத்த மாவுச்சத்தைக் கலவையில் கொஞ்சம் சேர்ப்பார்கள். உலர்த்தியில் தண்ணீர் காகிதத்தை நோக்கி வெளியேறும்போது ஸ்டார்ச்சும் கூடவே பயணம் செய்து, காகிதமும் ஜிப்சமும் சேரும் இடத்தில் தங்கிவிடுகிறது. அங்குள்ள படிகங்கள் அதிகம் காய்ந்து பொடியாகாமல் காப்பதும் அதுதான். உலர்த்தியின் கடைசிப் பகுதியில் வெப்பத்தைக் குறைக்காமல் விட்டால், முன்பு சுட்டது போலவே ஜிப்சம் மறுபடி நீரை இழக்கத் தொடங்கும். முதலில் கெடுவது ஓரங்களும் காகித ஒட்டுதலும்தான். கலவையில் உப்பு அதிகம் இருந்தாலும் ஒட்டுதல் கெடும்.

அடுத்தது சீலிங் தொய்வு. நம் ஊரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். குளிரூட்டியை நிறுத்திவிட்டு விடுமுறைக்குப் போன வீட்டில் இன்னும் கூடும். ஈரம் ஏறிய பலகையில் படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று மிக மெதுவாக வழுக்குகின்றன; தன் எடையிலேயே பலகை தொய்கிறது. எடை குறைந்த பலகை இந்த விஷயத்தில் உங்களுக்கு நல்லதுதான். தொய்வைத் தடுக்கக் கலவையில் சேர்க்கும் பழைய மருந்து போரிக் அமிலம். 1990களில் அமெரிக்க ஆலையொன்றின் ஆராய்ச்சியில் சோடியம் டிரைமெட்டாபாஸ்பேட் என்ற உப்பு நன்றாக வேலை செய்வது தெரியவந்தது. 100 கிலோ ஸ்டக்கோவுக்குச் சுமார் 100 கிராம் அளவிலேயே தொய்வு வெகுவாகக் குறைகிறது, வலுவும் கூடுகிறது. ஆனால் பலகையைத் தாங்கும் சட்டங்களுக்கு இடையே இடைவெளி அதிகம் விட்டுவிட்டு ஆலையைக் குறை சொல்வது நியாயமில்லை. தொய்வு என்று நான் பார்த்தவற்றில் பல, இடைவெளியால் வந்தவை.

குளியலறைக்குப் போடும் பச்சைப் பலகையில் சிலிக்கோன் எண்ணெய் அல்லது மெழுகுக் குழம்பு கலந்திருக்கும். இரண்டு மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்தாலும் தன் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது ஐரோப்பிய, அமெரிக்கத் தர அளவுகளில் உள்ள வரம்பு. குளியலறை சீலிங்குக்கு அது போதும். ஷவர் நேராக அடிக்கும் சுவருக்குப் போதாது. அங்கே சிமென்ட் பலகை போடுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். தீத்தடுப்புச் சுவரில் மட்டும் எடையோடு விளையாடாதீர்கள். சாதாரண 12 மில்லிமீட்டர் பலகை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிலோ என்றால், அதற்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் பூட்டியிருக்கிறது. தீப்பிடிக்கும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும் வரை மறுபக்கத்தின் வெப்பம் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் வெளியேற அந்த அவகாசம்தான் உயிர். ஜிப்சம் குறைந்தால் தண்ணீரும் குறையும். தீத்தடுப்புப் பலகையில் கண்ணாடி நார் சேர்ப்பது, நீர் போனபின் பலகை விரிசல் விட்டு உதிராமல் பிடித்து நிறுத்துவதற்கு. சூட்டில் உப்பிப் பெரிதாகும் வெர்மிகுலைட் என்ற கனிமத்தைச் சேர்ப்பது, ஜிப்சம் சுருங்குவதை ஈடுகட்டுவதற்கு. எனவே வரைபடத்தில் சோதித்து ஒப்புதல் பெற்ற அமைப்பு எது குறிக்கப்பட்டிருக்கிறதோ, அதே பலகை, அதே திருகு இடைவெளி. கையிருப்பில் இருக்கிறது என்று சாதாரணப் பலகையை மாற்றிப் போடுவது குற்றம் என்றே நான் சொல்வேன். பக்கத்து அறைச் சத்தம் கேட்கக்கூடாது என்ற இடத்திலும் கனமான பலகைக்கே மதிப்பு.

மூலப்பொருளைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. நம் தீவில் ஜிப்சம் சுரங்கம் கிடையாது. பக்கத்தில் தாய்லாந்து பெரிய ஏற்றுமதி நாடு. ஐரோப்பாவில் பல ஆலைகள், நிலக்கரி மின்நிலையப் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைக்கும் ஜிப்சத்தை நம்பியிருந்தன. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. அங்கே அந்த வழி அடைபட்டது. இனி வெட்டுத்துண்டுகளைத் திரும்ப அரைத்துச் சேர்ப்பதுதான் பெரிய வேலையாகப்போகிறது. அதில் சிக்கல், கூடவே வரும் காகித நார். அது கலவையில் தண்ணீரை உறிஞ்சும். நாம் குறைக்கப் பாடுபட்ட தண்ணீர் மறுபடி ஏறும். இங்கே எரிசாம்பலுக்கும் எரிக்க முடியாத கழிவுக்கும் இருப்பது 1999இல் திறந்த செமாக்காவ் குப்பை நிரப்பிடம் ஒன்றே. 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்கிறது. வேலையிடத்தில் துண்டுகளை மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டி வைக்கும் பழக்கத்தை உங்கள் குழுவிலிருந்தே தொடங்கலாம்.

கடைசியாக உங்கள் ஆய்வு. தாராளமாக எடுங்கள், பெரிய ஆலை எதுவும் தேவையில்லை. ஒரே மூட்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், துல்லியமான தராசு, ஒரே அளவு அச்சுகள் போதும். 100 கிராம் தூளுக்கு 80, 70, 60 கிராம் தண்ணீர் என்று வார்த்துப் பாருங்கள். பிறகு பாலிகார்பாக்சிலேட் சேர்த்து 50 கிராமுக்கு இறங்குங்கள். தண்ணீர் குறையக் குறையத் துண்டு வலுவாகும்; கனமும் ஆகும். அத்தோடு நிறுத்தினால் ஆய்வு பாதியில் நிற்கும். தண்ணீர் குறைந்த கலவைகளில் நுரையைச் சேர்த்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் எது எவ்வளவு சுமையில் முறிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கலவையிலும் குறைந்தது ஐந்து துண்டாவது முறிக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். இறுகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமானால், முன்பே இறுகிய துண்டு ஒன்றை மாவாக அரைத்து அரை கிராம் சேர்த்துப் பாருங்கள். மாற்றம் கண்ணுக்கே தெரியும்.

உலர்த்தும்போது மட்டும் அவசரம் வேண்டாம். 40 டிகிரிதான் வைக்க வேண்டும். அதிகச் சூட்டில் வைத்தால் ஜிப்சம் தன் சொந்த நீரையே இழந்து, உங்கள் எண்கள் அத்தனையும் வீணாகும். அடுத்தடுத்து இரண்டு முறை எடை போட்டும் மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. அந்த வெப்பத்தை நிலையாக வைத்திருக்கும் அடுப்பு உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எண்கள் கிடைத்ததும் அனுப்பிவையுங்கள், தம்பி. வரும் வாரங்களில் ஒன்றில் அவற்றைத் திரையில் போட்டுச் சேர்ந்தே பார்க்கலாம்.