உணவுப் பெட்டியில் ஒரு நாற்காலி

[காட்சி: இரவில் ஓடும் பழைய ரயில். வெளிச்சமுள்ள ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடக்கின்றன.]

1942, மே 17. வாஷிங்டனிலிருந்து தெற்கே போகும் சதர்ன் ரயில்வே வண்டி. மாலை ஐந்தரை மணிக்கு எல்மர் ஹெண்டர்சன் உணவுப் பெட்டிக்கு வருகிறார். கையில் முதல் வகுப்பு டிக்கெட். அமெரிக்க அரசின் ஊழியர். வேலை கொடுப்பதில் இனப் பாகுபாடு காட்டப்படுகிறதா என்று கவனிக்கும் அரசுக் குழுவுக்காகவே அவர் பயணம் செய்கிறார்.

சமையலறையை ஒட்டிய இரண்டு மேசைகள்தான் கறுப்பினத்தவருக்கு. கூட்டம் மிகுந்தால் அவையும் வெள்ளையருக்குப் போய்விடும். அன்று அப்படித்தான் போயிருந்தன. ஆனாலும் அங்கே ஒரு நாற்காலியாவது காலியாக இருந்தது. அதில் அவரை உட்காரவைக்க மறுத்தார்கள். உங்கள் இருக்கைக்கே சாப்பாடு கொண்டுவருகிறோம் என்றார்கள். அவர் வேண்டாம் என்றார். இடம் கிடைத்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. மேலும் இரண்டு முறை அவராகவே போய்ப் பார்த்தார். இரவு ஒன்பது மணிக்கு உணவுப் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஹெண்டர்சன் வழக்குத் தொடுத்தார். அது எட்டு ஆண்டுகள் நடந்தது. அத்தனை காலமும் வழக்கு நடத்தப் பணம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். அதற்குத் தோள் கொடுத்தது கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஒரு சங்கம். அதன் பெயர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா.

[காட்சி: மூன்று கிரேக்க எழுத்துகள் திரையில் எழுதப்படுகின்றன.]

அமெரிக்கக் கல்லூரிகளில் இப்படிக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட ஆண் மாணவர் சங்கங்களை ஃப்ரெட்டர்னிட்டி என்பார்கள். சகோதரத்துவம் என்று பொருள். பெரிய வீடு, விருந்து, ரகசியச் சடங்கு, நம் ஊரில் ராகிங் என்று சொல்லும் கொடுமை: இவைதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். அந்தக் கெட்ட பெயர் காரணமில்லாமல் வந்ததல்ல. சேர வந்த மாணவர்கள் உயிரிழந்த சம்பவங்கள் உண்டு. 1990-இல் கறுப்பின மாணவர் சங்கங்கள் ஒன்றுகூடி, புதியவர்களைப் பல வாரங்கள் சோதிக்கும் பழைய முறையையே தடை செய்தன. அதன் பிறகும் அந்த வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் அந்தச் சங்கங்கள் செய்யும் தொண்டைப் பற்றியும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில் இருக்கிறது கார்னெல் பல்கலைக்கழகம். அங்கே படித்துக்கொண்டிருந்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் 1905-இல் புதிய கல்வியாண்டுக்குத் திரும்பி வரவில்லை. ஏற்கெனவே விரல் விட்டு எண்ணக்கூடிய கூட்டம். அதில் ஆறு பேர் இல்லை. மிஞ்சியவர்கள் பயந்துபோனார்கள். ஒருவரையொருவர் கைவிடாமல் படித்து முடிக்க வேண்டும் என்று கூடிப் படிக்கத் தொடங்கினார்கள். அந்தப் படிப்பு வட்டம்தான் 1906 டிசம்பர் 4 அன்று ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவாக மாறியது. தொடங்கியவர்கள் ஏழு மாணவர்கள்.

இந்தச் சங்கத்தின் தொண்டுகளைப் பார்க்கும்போது, தங்களுக்கு எது மறுக்கப்பட்டதோ அதைத்தான் இவர்கள் பிறருக்கு வாங்கிக் கொடுக்கப் பாடுபட்டார்கள் என்பது தெரிகிறது. தங்கள் தோழர்கள் பாதியில் படிப்பை விட்டதைப் பார்த்தவர்கள், 1920-களில் 'உயர்நிலைப் பள்ளிக்குப் போ, கல்லூரிக்குப் போ' என்ற இயக்கத்தை நாடு முழுவதும் நடத்தினார்கள். கறுப்பினத்தவரின் வாக்குரிமை காகிதத்தில் மட்டுமே இருந்த தென் மாநிலங்களில் அதிகாரிகள் வாக்களிக்க வரி கட்டச் சொன்னார்கள், எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். அங்கே 1930-களில் 'வாக்கில்லாத மக்கள், நம்பிக்கையில்லாத மக்கள்' என்ற முழக்கத்தோடு சங்கத்தினர் இறங்கினார்கள். இரண்டு இயக்கங்களும் இன்றுவரை தொடர்கின்றன.

[காட்சி: 1930-களின் நீதிமன்றக் கட்டடம்.]

1935-இல் டொனால்டு மர்ரி என்ற பட்டதாரி மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதற்காக மறுத்தார்கள். வழக்குக்கு ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா துணை நின்றது. வாதாடிய சார்லஸ் ஹூஸ்டன், தர்குட் மார்ஷல் இருவருமே அதன் உறுப்பினர்கள். மேரிலாந்துக்காரரான மார்ஷலே, தமக்கு அங்கே வழியில்லை என்பதால் வாஷிங்டன் போய்ச் சட்டம் படித்தவர். தமக்கு மூடியிருந்த கதவைத் தம்பி ஒருவனுக்காகத் திறந்துவிட்டார். 1936-இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மர்ரியைச் சேர்த்துக்கொண்டது சரியே என்றது. மார்ஷல் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டம் வாங்கியதும் இவர்களுடைய உறுப்பினர் பொறுப்பு முடிவதில்லை. ஊர் ஊராகப் பட்டதாரிகளுக்கென்று தனிக் கிளைகள் இருக்கின்றன. இருபது வயதில் சேர்ந்தவர் அறுபது வயதிலும் சந்தா கட்டுகிறார். வழக்கறிஞராக இருந்தால் வாதாடுகிறார். ஆசிரியராக இருந்தால் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எட்டு ஆண்டுகள் ஒரு வழக்கைத் தாங்கிப் பிடிக்க அந்தப் பிடிமானம்தான் உதவியது.

[காட்சி: மீண்டும் அதே ரயில்.]

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ரயில்வே தன் விதியை மாற்றியது. வெள்ளையருக்குப் பத்து மேசை, கறுப்பினத்தவருக்கு ஒரு மேசை, நடுவே திரைச்சீலை. இதுவே நியாயமான பங்கீடு என்று வாதிட்டது. உச்ச நீதிமன்றத்தில் ஹெண்டர்சனுக்காக நின்றவர்களில் முதன்மையானவர் பெல்ஃபர்ட் லாசன். அப்போது அவரே சங்கத்தின் தேசியத் தலைவர். வழக்கின் எதிர்வாதி பெயரளவில் அமெரிக்க அரசு. ஆனால் அரசே ஹெண்டர்சன் பக்கம் பேசியது! 1950 ஜூன் 5 அன்று தீர்ப்பு வந்தது. அந்த ஒதுக்கீடு சட்டத்துக்கு எதிரானது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். திரையும் தடுப்பும் அறிவிப்புப் பலகையும் பாகுபாட்டின் செயற்கைத்தன்மையைத்தான் காட்டுகின்றன என்று எழுதினார்கள்.

நாற்காலி ஒன்றுதான். ஆனால் இதைத் தொண்டு என்ற கணக்கில் சேர்க்காவிட்டால் வேறு எதைச் சேர்ப்பது?

வழக்கமான தொண்டுகளும் உண்டு. பச்சிளங்குழந்தைகளின் நலனுக்காகப் பாடுபடும் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்போடு சேர்ந்து, 1980 முதல் 'புராஜெக்ட் ஆல்ஃபா' என்ற திட்டத்தில் பதின்வயது ஆண்பிள்ளைகளிடம் பேசுகிறார்கள். இளவயதுக் கர்ப்பத்தில் ஆணுக்கும் பொறுப்பு உண்டு என்று பையன்களை உட்காரவைத்துச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

[காட்சி: ஏரிக்கரையில் வெண்ணிறக் கருங்கல் சிலை.]

1952-இல் பாஸ்டனில் ஆய்வுப் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார். மார்ட்டின் லூதர் கிங். அவர் சுட்டுக் கொல்லப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1984-இல், வாஷிங்டனில் அவருக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று ஜார்ஜ் சீலி உள்ளிட்ட சில உறுப்பினர்கள் சங்கத்தின் முன் யோசனை வைத்தார்கள். 1996-இல்தான் நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது. பூமி பூஜை போன்ற தொடக்க விழா நடந்தது 2006-இல். செலவு 12 கோடி டாலர். பெரிய நிறுவனங்களும் கொடுத்தன, சாதாரண மக்களும் கொடுத்தார்கள். சிலையின் உயரம் 30 அடி. லிங்கனுக்கும் ஜெஃபர்சனுக்கும் எழுப்பிய நினைவிடங்களுக்கு நடுவே அது நிற்கிறது.

2011 ஆகஸ்ட் 28 அன்று திறப்பு விழா வைத்திருந்தார்கள். ஐரீன் புயல் வந்துவிட்டது. இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் இன்னும் ஏழு வாரங்கள் காத்திருந்து, அக்டோபர் 16 அன்று விழா நடத்தினார்கள்.