பின்னால் வருவது காதுக்குத் தெரிய வேண்டும்

வெள்ளைப் பிரம்பு தினத்தை ஒட்டித் திருகோணமலையில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, வெள்ளைப் பிரம்போடு முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

நான் வாகனங்களுக்கு மின்வேலை செய்பவன். பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார்கள் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து அவற்றின் வயரிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் இன்று பேசப்போவது எனக்கு எதிரான விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மின்சார வண்டி நல்லது. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் இரவு பகலாகக் கிடந்த யாரும் அதை மறுக்க மாட்டோம். நான் சொல்ல வந்தது அந்த வண்டியின் மௌனத்தைப் பற்றி.

என் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். அது கண்ணில் இறங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை என்றால் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குத் தனியாகத்தான் போவார். ஒழுங்கையின் ஒவ்வொரு படலையும், ஒவ்வொரு நாயும் அவருக்குக் காதால் தெரியும். ஒருநாள் அப்படிப் போகும்போது ஒரு வீட்டு வாசலில் நின்ற ஹைபிரிட் கார் பின்னுக்கு வந்து இடித்துவிட்டது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

கார்க்காரரைக் குறை சொல்ல முடியாது. நல்ல மனிதர், உடனே தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெரியம்மா அன்று கட்டிலில் இருந்தபடி எனக்குச் சொன்னதைக் கேளுங்கள்: "தம்பி, கதவு சாத்தின சத்தம் கேட்டது. ஸ்டார்ட் பண்ணின சத்தம் கேக்கேல்ல. ஆள் இறங்கிப் போகுது எண்டு நினைச்சு நடந்தன்."

இந்த மூன்று வசனத்தில் முழு விஷயமும் இருக்கிறது. பெற்றோல் கார் என்றால் கதவு சாத்தும் சத்தம், பிறகு ஸ்டார்ட் சத்தம், பிறகு எஞ்சின் ஒரு தரம் உறுமும், அப்புறம்தான் வண்டி அசையும். ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தகவல். பெரியம்மாவுக்கு அன்று முதலாவது மட்டும்தான் கிடைத்தது. ஒழுங்கை முழுக்க அவர் ஐம்பது வருடமாகப் படித்துவைத்த பாடம் அந்த ஒரு நாளில் அவரைக் கைவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை இந்த மண்டபத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு முந்திய வருடம் இரண்டு பேர் தங்கள் கார்களைக் கொண்டுவந்து, "மெதுவாகப் போனால் முன்னால் ஊ என்று ஒரு சத்தம் வருகிறது, எரிச்சலாக இருக்கிறது, கழற்றிவிடுங்கோ" என்றார்கள். கழற்றிவிட்டேன். பத்து நிமிட வேலை. முன் பம்பருக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் இருக்கும், ரப்பர் மூடி போட்ட ஒரு பிளக் அதற்குள் போகும். பிளக்கை இழுத்தால் சரி, வண்டி ஊமையாகிவிடும். அந்த ஸ்பீக்கர் யாருக்காக வைக்கப்பட்டது என்று அன்று நான் யோசிக்கவில்லை. காரில் இருப்பவருக்கு அது தேவையில்லை. அது றோட்டில் நடப்பவருக்குச் சொந்தமானது. வேறு ஒருவருடைய பொருளை, அவரைக் கேட்காமல், காசு வாங்கிக்கொண்டு நான் கழற்றியிருக்கிறேன். பெரியம்மா விழுந்த பிறகு அந்த இரண்டு பேரையும் தேடிப்போய்த் திரும்பப் பூட்டிக்கொடுத்தேன்.

சரி, இந்தச் சத்தம் எப்படி வந்தது என்று பார்ப்போம். பெற்றோல் எஞ்சினுக்குள் எரிபொருள் வெடித்துக்கொண்டே இருக்கும், வண்டி நின்றாலும் வெடிக்கும். மின்மோட்டாரில் வெடிப்பு இல்லை, மெல்லிய ரீங்காரம் மட்டும்தான். வேகம் 20, 30 கிலோமீற்றரைத் தாண்டினால் தாரில் டயர் உரசும் சத்தமே பெரிதாகிவிடும். அதற்குப் பிறகு எந்த வண்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் கேட்கும். ஆக, வித்தியாசம் இருப்பது மெதுவாகப் போகும்போது. மெதுவாகப் போகிற இடங்கள் எவை? ஒழுங்கை, கோவில் வாசல், பள்ளிக்கூட வாசல், சந்தை, பஸ் நிலையம், பின்னுக்கு எடுக்கிற வாசல்கள். சனம் நடக்கிற இடங்கள் எல்லாம் அவைதான்.

அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2009 இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் எண்ணிக்கையில் காட்டியது. மெதுவாகப் போகும்போது, பின்னுக்கு எடுக்கும்போது, நிறுத்த வரும்போது, ஹைபிரிட் வண்டி பாதசாரியை மோதும் வாய்ப்பு சாதாரண வண்டியைவிட இரண்டு மடங்கு. பிரித்தானியாவில் 2013 முதல் 2017 வரையான விபத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2024 இல் வந்தது. ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால், மின்சார, ஹைபிரிட் கார்கள் பாதசாரிகளை மோதும் வீதம் அங்கேயும் இரண்டு மடங்கு. கிராமத்தைவிட நகரத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

மெதுவாகப் போகும் மின்சார வண்டி சத்தம் எழுப்ப வேண்டும் என்ற சட்டத்தை முதலில் கேட்டவர்கள் யார் தெரியுமா? பொறியியலாளரோ பொலிஸோ அல்ல. அமெரிக்காவில் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு பல வருடம் விடாமல் கதைத்து, எழுதி, கடைசியில் பாதசாரிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 2011 ஜனவரியில் கையொப்பமானது. முன்வரிசையில் இருக்கும் உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். உங்களைப் போன்றவர்கள் கேட்டுத்தான் உலகத்துக்கே இது கிடைத்தது. யப்பான் 2010 ஜனவரியில் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது, 2018 இல் புதிய மாதிரிகளுக்குக் கட்டாயமாக்கியது. ஐக்கிய நாடுகளின் 138 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி 2016 இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் 2019 யூலையில் புதிய மாதிரிகளுக்கும், 2021 யூலையில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம்.

இந்தத் திகதிகள் நமக்கு ஏன் முக்கியம்? எங்கள் றோட்டில் ஓடுகிற ஹைபிரிட் கார்களில் பெரும் பகுதி யப்பானில் பாவித்துவிட்டு வந்தவை. கட்டாயத்துக்கு முந்திய கார்கள் பலவற்றில் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கும். ஐநா விதியைப் பின்னர் திருத்தியபோது அந்தப் பொத்தானே கூடாது என்று ஆக்கினார்கள். ஆனால் ஏற்கெனவே கப்பல் ஏறி வந்த பொத்தான் இங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

"ஏற்கெனவே ஹோர்ன் சத்தத்தில் காது வெடிக்கிறது, இன்னும் சத்தமா?" என்று ஓர் ஐயா போன கிழமை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஐநா விதி கேட்பது என்னவென்றால், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி வைத்து அளந்தால் 10 கிலோமீற்றர் வேகத்தில் 50 டெசிபெல், 20 இல் 56, பின்னுக்கு வரும்போது 47. இவை ஆகக் குறைந்த அளவு. ஆகக் கூடியது 75 ஐத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் பக்கத்தில் நின்று சாதாரணமாகக் கதைப்பது 60 டெசிபெல் அளவில் வரும். ஹோர்னுக்குப் பக்கத்தில் நின்றால் 100 ஐயும் தாண்டும். ஆக, ஒருவர் உங்களுக்குப் பக்கத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டு வருகிற அளவுதான் கேட்கிறார்கள்.

அப்புறம், ஹோர்ன் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. ஹோர்ன் அடிக்க வேண்டுமென்றால் சாரதி முதலில் உங்களைக் காண வேண்டும். பெரியம்மாவை அன்று கார்க்காரர் காணவில்லை. காணாத ஆளுக்கு யார் ஹோர்ன் அடிப்பார்? இந்தச் சத்தம் சாரதி கண்டாலும் காணாவிட்டாலும் தானாக வரும். அதுதான் அதன் பெறுமதி.

சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் நிறைய யோசித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் படுத்திருக்கும் அல்லவா, ஏதாவது அசைந்தால் தலையைத் தூக்காமலே காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பும். எங்களால் அது முடியாது. எங்கள் இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கும் குறைவான வித்தியாசம் இருக்கும். அதை வைத்தும், எந்தக் காதில் கூட விழுகிறது என்பதை வைத்தும்தான் மூளை திசையைச் சொல்கிறது. ஒரே ஒரு சுரத்தில் "பீப்" என்றால் திசை பிடிபடாது. பல சுரம் கலந்த சத்தம் என்றால் கெதியாகப் பிடிபடும். வயதானால் முதலில் போவது உச்சமான சத்தங்கள். அதனால்தான் சத்தத்தில் ஒரு பகுதியாவது 1600 ஹேர்ட்ஸுக்கு மேல் போகாமல், தணிந்த சுருதியில் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று, வேகம் கூடும்போது சுருதியும் ஏற வேண்டும். கிலோமீற்றருக்கு 0.8 சதவீதமாவது. 5 இலிருந்து 20 கிலோமீற்றருக்குப் போகையில் கணக்குப் பார்த்தால் 12 சதவீதம். சங்கீதம் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ச விலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் போகிற தூரம் அது, ஏறக்குறைய. வண்டி ச வில் நிற்கிறதா, ரி க்கு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கேட்டாலே போதும், கண் தேவையில்லை.

இதனால்தான் "பாண் வண்டி மாதிரி ஒரு பாட்டுப் போட்டுவிடலாமே" என்பது சரிவராது. பாண் வண்டியின் பாட்டுக்குப் பிள்ளைகள் காசோடு ஓடி வருவார்கள், அது அதற்கு நல்லது. ஆனால் வண்டி நின்றாலும் அதே பாட்டு, ஓடினாலும் அதே பாட்டு. வேகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அமெரிக்காவில் வாகன உரிமையாளர் தனக்குப் பிடித்த சத்தத்தைத் தெரிவு செய்ய விடலாம் என்று ஒரு யோசனை வந்து, 2022 இல் அதை நிராகரித்தார்கள். ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு விதமாகப் பாடினால், எது வண்டி, எது வானொலி என்று யாருக்குத் தெரியும்?

வெளிநாட்டு விதியில் எனக்கு ஒரு குறையும் உண்டு. 138 ஆம் விதி கார், வான், பஸ், லொறி வகைகளுக்கு மட்டும்தான். இரண்டு சக்கரமும் மூன்று சக்கரமும் அதற்குள் வராது. ஐரோப்பாவுக்கு அது போதுமாக இருக்கலாம். திருகோணமலைக்குப் போதாது. மட்டிக்களியிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரம் வரை ஒருதரம் நடந்து பாருங்கள். உங்களைச் சத்தமில்லாமல் கடந்து போவதில் மின்சார ஸ்கூட்டர் எத்தனை, கார் எத்தனை என்று எண்ணுங்கள். ஸ்கூட்டர் றோட்டு ஓரத்திலேயே வரும், நடப்பவருக்கு ஒரு முழ தூரத்தில். முழங்கை தட்டிய பிறகுதான் வந்தது தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரை வீதியில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே விளங்காது. மாரியில் அலையும் மழையும் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் டயரின் சத்தத்தை யார் கேட்பார்?

அதனால் நான் கேட்பது இதைத்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுக்கு வருகிற ஒவ்வொரு மின்சார வண்டியும், சக்கரம் இரண்டானாலும் மூன்றானாலும் நான்கானாலும், மெதுவாக ஓட்டிக் காட்டப்பட வேண்டும். சத்தம் கேட்டால்தான் இலக்கத்தகடு. பெற்றோல் வண்டி வருடத்துக்கு ஒருதரம் புகைப் பரிசோதனைக்குப் போகிறது. மின்சார வண்டிக்குப் புகைக்குழாயே இல்லை, அதனால் அந்த வரிசையில் அது நிற்பதில்லை, அதை யாரும் பார்ப்பதும் இல்லை. புகைக்குப் பதிலாக அதன் சத்தத்தைப் பாருங்கள். கழற்றுபவருக்குத் தண்டம் போடுங்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் தொழில் செய்யும் தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. பம்பர் உடைந்து வந்தால் ஸ்பீக்கரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, புதுப் பம்பரைப் பூட்டி அனுப்பிவிடுகிறோம். வண்டி ஓடும், யாரும் முறையிட மாட்டார்கள். எங்கள் உப்புக் காற்றில் அந்தப் பிளக்கின் ஊசிகள் பச்சை பூத்துப்போகும், அதுவும் வெளியில் தெரியாது. பம்பரில் கை வைக்கும்போதெல்லாம் பிளக்கைத் திறந்து பாருங்கள்.

காது கேளாதவர்களுக்கு இந்தச் சத்தமும் உதவாது. ஆகவே ஸ்பீக்கர் இருக்கிறது என்று சாரதி கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பின்னுக்கு எடுக்கும் முன் திரும்பிப் பார்ப்பது அப்படியே இருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் மின்சார ஸ்கூட்டரை வாங்கி, பழைய ஹைபிரிட் ஒன்றின் ஸ்பீக்கரை அதில் பூட்டிப் பார்த்தேன். கராஜுக்கு முன்னால் பெரியம்மாவைக் கதிரையில் இருத்தி, "வண்டி வருவது கேட்டால் கையைத் தூக்குங்கோ" என்றேன். முதலில் ஸ்பீக்கர் இல்லாமல் என் மகன் ஓட்டி வந்தான். வண்டி கதிரையைத் தாண்டியும் பெரியம்மாவின் கை மடியிலேயே இருந்தது. இரண்டாம் முறை பிளக்கைப் பூட்டினோம். அவன் பக்கத்து வீட்டு மதிலடியில் திரும்பும்போதே, முறிந்து பொருந்திய அந்தக் கை மேலே போய்விட்டது. "தம்பி, மதிலடியில ஒண்டு வருது" என்றார்.

அந்த ஸ்கூட்டரை இன்று வாசலில் நிறுத்தியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் முன்வரிசையில் இருப்பவர்கள் வந்து கேட்டுப் பார்த்து, சத்தம் எப்படி இருந்தால் உங்களுக்கு நல்லது என்று சொல்லுங்கள். திணைக்களத்துக்கு எழுதப்போகும் கடிதத்தில் அதைத்தான் எழுத இருக்கிறேன். நன்றி, வணக்கம்.