தள்ளிப்போன கனவுக்கு ஒரு கதவு எண் உண்டு
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்த வாசகர் வட்டத்தைக் கட்டிக் காத்துவரும் செயலாளர் ஐயா அவர்களே, மாணவர்களைக் கையோடு அழைத்து வந்திருக்கும் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி. பல வேலைகளுக்கு நடுவில் வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, முழுக் கூட்டமும் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் இருப்பது எனக்கு முக்கியம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்க இலக்கியத்திலும் மேடைப் பேச்சிலும் தள்ளிப்போன கனவுகள் என்பது தலைப்பு. ஃபிரெடரிக் டக்ளஸ், லாங்ஸ்டன் ஹியூஸ், மார்ட்டின் லூதர் கிங் என்று மூவரை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் நம் பாட்டிமார் சொல்லும் ஒரு பழமொழி. எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும்!

டக்ளஸ் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் அமெரிக்கச் சுதந்திர நாளை ஒட்டிப் பேசக் கூப்பிட்டார்கள். வாழ்த்திப் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தவர்களிடம், உங்கள் சுதந்திர நாள் ஓர் அடிமைக்கு என்ன நாள் என்று கேட்டார். அழைத்தவர் மேடையிலேயே நின்று அப்படிக் கேட்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். அந்தப் பேச்சை மட்டும் விரித்துச் சொல்லவே ஒரு முழு மாலைப்பொழுது வேண்டும், மேலே போவோம்.

கறுப்பினக் கவிஞர் ஹியூஸ் எழுதிய ‘ஹார்லெம்’ என்ற கவிதை 1951இல் புத்தகத்தில் வந்தது. பதினோரே வரி. ஒரு கனவைத் தள்ளித் தள்ளிப் போட்டால் அது என்ன ஆகும் என்று கேட்கிறார். வெயிலில் திராட்சை மாதிரி வற்றிப்போகுமா, புண்ணாகிச் சீழ் வைக்குமா, இல்லை வெடித்துவிடுமா? பதிலை அவர் சொல்லவில்லை, நம்மிடம் விட்டுவிடுகிறார். கேட்பவன் வாயிலிருந்தே பதிலை வரவழைப்பதுதான் பேச்சுக்கலையின் உச்சம் என்பது என் கருத்து. ஆனால் அது எந்தக் கனவு என்றும் ஹியூஸ் சொல்லவில்லை. அது ஒரு வீடு என்று எழுதிக் காட்டியவர் நாடக ஆசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. அந்த அம்மாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊர் சிகாகோ, ஆண்டு 1937. லொரெய்னின் அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பர், வீட்டுமனைத் தொழில் செய்கிறவர். கையில் காசு இருக்கிறது, ஆனால் நினைத்த தெருவில் வீடு வாங்க முடியாது. ஏன்? வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் தெருத் தெருவாகக் கூடி, கறுப்பருக்கு விற்கமாட்டோம், வாடகைக்கும் விடமாட்டோம் என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். மனிதர் அசரவில்லை. ரோட்ஸ் அவென்யூவில் ஒரு வீட்டை வாங்கிக் குடும்பத்தோடு குடியேறிவிட்டார். வாசலில் கூட்டம் கூடியது. ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த கல், குழந்தை லொரெய்ன் மேல் படாமல் நூலிழையில் தப்பியது. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அந்தப் பிள்ளைகள்மேல் எச்சில் துப்பினார்கள், அடித்தார்கள். கணவர் வழக்குக்காக வாஷிங்டன் போயிருந்த நாட்களில், அந்தத் தாய் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே நான்கு பிள்ளைகளுக்குக் காவல் இருந்திருக்கிறாள். தாய்மார்களே, எண்ணிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய சொந்த வீட்டில்!

இல்லினாய் உயர்மட்ட நீதிமன்றம் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. 1940 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எப்படி? அந்த ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் தெருவோர நிலத்தில் 95 விழுக்காட்டுக்கு உரியவர்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். போட்டவர்கள் 54 விழுக்காடுதான். முந்தைய ஒரு வழக்கில் போதிய கையெழுத்து இருந்ததாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கு, அதில் தரப்பாக இல்லாத ஹான்ஸ்பெரியைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். வீடு கிடைத்தது. ஆனால் நிறம் பார்த்து ஒதுக்குவது சரியா, தவறா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்ற தீர்ப்பு வர 1948 ஆயிற்று. அதைப் பார்க்கக் கார்ல் ஹான்ஸ்பெரி இல்லை. 1946இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் குழந்தை வளர்ந்து, ஹியூஸ் கவிதையின் திராட்சை வரியிலிருந்தே தலைப்பை எடுத்து, ‘எ ரெய்சின் இன் த சன்’ என்று ஒரு நாடகம் எழுதினாள். வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கும் ஒரு கறுப்பர் குடும்பத்தின் கதை. 1959 மார்ச்சில் நியூயார்க்கில் அரங்கேறியது. அந்நகரின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ஒரு கறுப்பினப் பெண் எழுதிய முதல் நாடகம் அதுதான். அதில் அந்தப் பகுதி வெள்ளையர்களின் சார்பாக லிண்ட்னர் என்று ஒருவன் வருவான். அவன் கையில் கல் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவ்வளவு பணிவாகப் பேசுவான். அவரவர் அவரவர் ஆட்களோடு இருந்தால்தானே எல்லோருக்கும் நிம்மதி, நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே தருகிறோம், வீட்டை எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்பான். கல்லைவிட அந்தக் குரல் எனக்குக் கொடியதாகப் படுகிறது. வற்புறுத்தும் பேச்சு என்றால் நல்லவர்கள் கைக்கருவி மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள், மாணவர்களே. கடைசியில் அந்த வீட்டு மகன் வால்டர், தன் சிறு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் அப்பா செங்கல் செங்கலாகச் சம்பாதித்த வீடு இது, உங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லுமிடம், அந்த நாடகத்திலேயே பெரிய சொற்பொழிவு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும்!

கிங்குக்கு வருகிறேன். 1963 ஆகஸ்ட் 28, லிங்கன் நினைவகத்தின் முன் இரண்டரை லட்சம் பேர். நான் நடுவராக உட்காரும் பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் ஒப்பிப்பதெல்லாம் கனவுப் பகுதியைத்தான். அது கடைசிப் பகுதி, எழுதி வந்த தாளில் இல்லாதது. கனவைச் சொல்லுங்கள் மார்ட்டின் என்று பாடகி மகாலியா ஜாக்சன் குரல் கொடுத்ததாகச் சொல்வார்கள். முன்பகுதியைப் படியுங்கள். இந்த நாடு கறுப்பர்களுக்குக் கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது, அதை மாற்ற வந்திருக்கிறோம் என்கிறார். சின்ன ஒதுக்குக் குடியிருப்பிலிருந்து பெரிய ஒதுக்குக் குடியிருப்புக்குப் போவதுதான் எங்களுக்கு வாய்த்த இடமாற்றம் என்றால் நாங்கள் திருப்தியடைய மாட்டோம் என்கிறார். பாருங்கள், அங்கேயும் வீடுதான். 1966இல் சிகாகோவில் வீட்டுரிமைக்காக ஊர்வலம் போனபோது அவர் தலையிலேயே கல் விழுந்தது. நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது 1968 ஏப்ரல் 11. கிங்கைச் சுட்டுக் கொன்று ஒரு வாரம் ஆகியிருந்தது.

இதை இங்கே ஏன் பேசுகிறேன்? 1959இல் இந்தியா வந்த கிங், திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டாராம். தன் மக்கள் குடியிருக்கும் இடங்களை யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று ஒப்புக்கொண்டாராம். 1965இல் அவரே ஒரு பிரசங்கத்தில் சொன்னது இது.

நம் தெருக்களில் லிண்ட்னர்கள் இல்லையா? “வீடு வாடகைக்கு” என்று அட்டை தொங்கும். மணியடித்தால் சொந்த ஊர் கேட்பார்கள். அப்புறம் அந்த ஊரில் எந்தத் தெரு என்பார்கள். பெயரைக் கேட்டு மதத்தைத் தெரிந்துகொள்வார்கள். பிறகு சிரித்த முகத்தோடு, காலையில்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள். அட்டை மட்டும் மறுநாளும் அங்கேயே தொங்கும். நம் ஊருக்கு மாற்றலாகி வந்த ஒரு செவிலியர் தங்கையோடு நானே வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆகவே நகர்மன்றத் தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், சாதி மதம் கேட்டு வீடு மறுப்பது குற்றம் என்று வெளிப்படையான ஒரு பிரிவைச் சேர்க்கும்படி அரசைக் கோரி, அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். மனு வாசலில் உள்ள மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு தாளும் உண்டு. அது வீட்டுக்காரர்களுக்கு. வாடகை எவ்வளவு, எத்தனை பேர், எப்போது வருவீர்கள் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று உறுதி சொல்லும் தாள். இந்த அரங்கில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் இருப்பது எனக்குத் தெரியும். போகும்போது அதிலும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.